இன்னொரு சிறுபத்திரிகைச் சரித்திரம்

சிறுபத்திரிகை என்றதும் நமக்கு இலக்கியப் பத்திரிகைதான் ஞாபகத்துக்கு வருகிறது. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து'வைத் தொடங்கியதிலிருந்து நம் கணக்கு ஆரம்பமாகிறது. சந்தா சேராதது, அச்சகக் கடன், ஆசிரியரே விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டுவது, நண்பர்களுக்குள் மனஸ்தாபம், பிறகு ஒருநாள் நின்றுபோவது என்று அந்தக் கணக்கு நமக்கு மனப்பாடம். இந்த லட்சணங்களை வைத்துப் பார்த்தால், 'எழுத்து' தொடங்கிய அடுத்த வருஷம், 1960-ல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய 'டிரான்ஸ்வெஸ்டியா'வும் அசல் சிறுபத்திரிகைதான். தலைக்கு 4 டாலர் வீதம் 25 பேர் கொடுத்த 100 டாலர் அதன் மூலதனம். இரண்டு மாதத்துக்கு ஒரு இதழ். கைக்கு அடக்கமான அளவு. எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள். பெண் உடை அணிய விரும்பிய ஆண்கள் அவர்கள். அதை வீட்டிலும் ஆபீஸிலும் தெருவிலும் ஒளித்து வாழ்ந்தவர்கள்.

இதை இந்தப் பக்கங்களில் எழுதுவானேன் என்று கேட்கிற நண்பர்கள் இருப்பார்கள். இலக்கிய மதிப்பு என்ன என்ற அவர்கள் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் சொந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. சில வருஷங்களுக்கு முன், சம்பளத் தேதி முடிந்த ஒரு கூட்டமான காலையில், பணம் எடுக்கும் படிவத்தில் இருந்த பெயரைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டேன். ஆண் பெயர். பெஞ்சிலிருந்து புடவையில் ஒருவர் எழுந்து வந்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். மாதிரிக் கையெழுத்தோடு சரியாக ஒத்துப்போயிற்று. பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கவுண்டரில் பணத்தை எண்ணாமல் போகிறவர்கள் மிகக் குறைவு. நான் செய்ததில் விதிப்படி ஒரு தப்பும் இல்லை. அதற்குப் பிறகு அவர் என் கவுண்டருக்கு வந்ததில்லை. ஒரு பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, யார் அதை வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்பது பற்றி அன்றைக்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். இந்தப் பத்திரிகைகளிடம் என்னைக் கொண்டுவந்தது அந்த யோசனைதான். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகம் 'டிரான்ஸ்வெஸ்டியா'வின் பழைய இதழ்களைப் படமெடுத்து எவரும் பார்க்க வைத்திருப்பதால், கவுண்டர் முடிந்த இரவுகளில் என்னைப் போன்றவனும் அவற்றைப் படிக்க முடிகிறது.

சொல் பற்றி ஒரு சங்கடம் உண்டு. திருநங்கை என்று இன்று நாம் மரியாதையோடு சொல்கிற சொல் இந்த வாசகர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. பகலில் கணவனாகவும் தகப்பனாகவும் எஞ்சினியராகவும் இருந்து, கிடைத்த சில மணி நேரங்களில் மட்டும் பெண் உடையில் வேறொரு பெயரோடு இருந்தவர்கள் அவர்கள். அதற்கு நம்மிடம் சொல் இல்லை; 'மாற்றுடை அணிபவர்' என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு இடத்தில் தமிழ் எனக்குச் சௌகரியம் செய்து தருகிறது. ஆங்கிலத்தில் இவர்களைப் பற்றி எழுதுகிறவன் இரண்டாவது வாக்கியத்திலேயே ஆணா பெண்ணா என்று தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நமக்கு 'அவர்' இருக்கிறது. 'வந்தார்', 'எழுதினார்' என்று போய்க்கொண்டே இருக்கலாம். இதை மொழியின் பெருந்தன்மை என்று நான் கொண்டாட மாட்டேன். 'அவர்' என்பது மரியாதைக்கு உரியவர் என்று நாம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டவர்களுக்குத்தான். அன்று வரிசையில் நின்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது 'அது' என்றார்கள்.

இந்தப் பத்திரிகைகளுக்குப் பூர்வ சரித்திரம் ஜெர்மனியில் இருக்கிறது. மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1910-ல் வெளியிட்ட நூலிலிருந்துதான் 'டிரான்ஸ்வெஸ்டைட்' என்ற சொல்லே உலகத்துக்கு வந்தது. 1919-ல் அவர் பெர்லினில் பாலியல் ஆய்வுக்கான நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தினார். மாற்றுடையில் தெருவில் போகிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று போலீஸார் தருகிற ஒருவகை அனுமதிச் சீட்டுகூட அந்த நகரத்தில் அன்று இருந்தது. 1924 முதல் 1933 வரை வந்த 'டீ ஃபிராய்ன்டின்' என்ற பத்திரிகை பெண்களை நேசிக்கும் பெண்களுக்கானது. அதன் பக்கங்களில் மாற்றுடை அணிபவர்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதே பதிப்பாளர், ஃப்ரீட்ரிஷ் ராட்ஸுவைட், 1930-க்கும் 1932-க்கும் இடையில் அவர்களுக்கென்றே 'மூன்றாம் பால்' என்று பொருள்படும் தலைப்பில் ஐந்து இதழ்கள் கொண்டுவந்தார். 1933 மே 6-ந் தேதி நாஜி மாணவர்கள் ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அதன் நூலகம் தெருவில் எரிந்தது. நாஜிகள் புத்தகம் எரித்த புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் எரிந்தவை என்ன புத்தகங்கள் என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அமெரிக்காவில் நெருப்பு தேவைப்படவில்லை. தபால் இலாகாவே போதுமானதாக இருந்தது. ஆபாசம் என்று கருதப்படும் எதையும் தபாலில் அனுப்புவது 1873-ன் காம்ஸ்டாக் சட்டப்படி குற்றம். அது போக, தன் பாலுக்கு உரியதல்லாத உடையில் வெளியே வருவதையே பல நகரங்கள் தடை செய்திருந்தன. கொலம்பஸ் நகரம் 1848-லும் சான் பிரான்சிஸ்கோ 1863-லும் இதற்குச் சட்டம் இயற்றின. சான் பிரான்சிஸ்கோவில் அது 1974 வரை நீடித்தது. தெருவில் சந்திக்க முடியாதவர்களுக்குக் கடிதம் ஒன்றுதான் வழி, கடிதத்தில் எழுதியதற்கும் வழக்குப் போட அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்ற நிலைமையை மனதில் வைத்துக்கொண்டால்தான் ஒரு பத்திரிகை என்பது அங்கே எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் லூயிஸ் லாரன்ஸ் என்று ஒருவர். ஆணாகப் பிறந்து, 1940-களிலிருந்து முழுநேரமும் பெண்ணாகவே வாழ்ந்தவர். பத்திரிகையில் மாற்றுடை வழக்கு என்று செய்தி எங்கே கண்டாலும் அந்த ஆளின் விலாசத்தைத் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதுவார். ஆல்ஃபிரட் கின்சி மனித பாலியல் நடத்தை பற்றி ஆராய்ந்தபோது அவருக்குத் தகவல்கள் கொடுத்து உதவியவர்களில் இவரும் ஒருவர். வருஷக்கணக்கில் சேர்த்த இந்த விலாசங்களின் பட்டியல்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். 1952-ல் தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு சிறு குழு அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, 'டிரான்ஸ்வெஸ்டியா' என்ற இதே பெயரில் சைக்ளோஸ்டைல் பிரதிகளாக இரண்டு இதழ்கள் கொண்டுவந்தது. உடையில் சமத்துவத்துக்கான அமெரிக்கச் சங்கத்தின் ஏடு என்று அது தன்னை அழைத்துக்கொண்டது. இரண்டோடு நின்றது. அதே வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, டென்மார்க்கில் சிகிச்சை பெற்றுப் பெண்ணான கிறிஸ்டீன் ஜார்ஜென்சனின் கதை நியூயார்க் தினசரி ஒன்றின் முதல் பக்கத்தில் வந்து உலகம் முழுதும் பரவியது. பெரிய பத்திரிகைகளுக்கு அது விந்தைச் செய்தி. இரண்டு இதழ்களில் நின்றுபோன சைக்ளோஸ்டைல் ஏட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை. செய்தியாவது வேறு, பேச இடம் கிடைப்பது வேறு.

எட்டு வருஷம் கழித்து அதே பெயரை மறுபடி எடுத்தவர் வெர்ஜீனியா பிரின்ஸ். 1912-ல் லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்தவர், மருந்தியலில் டாக்டர் பட்டம், சொந்தத் தொழில், இரண்டு விவாகங்கள், இரண்டும் முறிந்தன. 1968-லிருந்து முழுநேரமும் பெண்ணாக வாழ்ந்தார். அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை. அதை எதிர்த்தார் என்றே சொல்ல வேண்டும். 2009-ல் காலமானார். காலமும் அவருக்கு ஓரளவு அனுகூலமாக இருந்தது. 'ஒன்' என்ற தன்பாலீர்ப்பாளர் பத்திரிகையை லாஸ் ஏஞ்சலீஸ் தபால் அதிகாரி முடக்கிய வழக்கில், 1958 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. ஒரு விஷயத்தைப் பேசுவதே ஆபாசம் ஆகிவிடாது என்று ஆயிற்று. தன் பதிப்பகத்துக்குப் பிரின்ஸ் 'ஷெவாலியே' என்று பெயர் வைத்தார்; ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ஷெவாலியே தெயோனின் நினைவாக. வெளிப்பாடு, தகவல், கல்வி ஆகிய மூன்றும் தன் நோக்கங்கள் என்று பத்திரிகை அறிவித்துக்கொண்டது. 1979 வாக்கில் 100-வது இதழை எட்டும்வரை அவரே ஆசிரியர். நம்மில் யார் 100 இதழ் கொண்டுவந்திருக்கிறோம்?

ஒரு இதழில் என்ன இருக்கும்? அட்டையில் ஒரு வாசகரின் படம். உள்ளே அவரே எழுதிய ஜீவிய சரித்திரம். இரண்டொரு கதைகள். மருத்துவம், சட்டம் பற்றிக் கட்டுரை. வாசகர் கடிதங்கள். மனைவிமார் எழுதியவை. காட்ஸ்கில் மலைப்பகுதியில் தங்கள் இடத்தைச் சனி ஞாயிறுகளில் இவர்களுக்குத் திறந்துவிட்ட ஸுஸானா வாலென்டியின் தொடர் பத்தி. மேல்நாட்டுப் பத்திரிகைகளில் சகஜமான தொடர்பு விளம்பரங்களும் உண்டு. ஆனால் பெயரோ விலாசமோ இராது. எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு குறியீடு, பக்கத்தில் தானே சூட்டிக்கொண்ட பெண் பெயர். பதில் எழுதுகிறவர் கடிதத்தைப் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்; பதிப்பகம் அதை உரியவருக்குத் திருப்பி அனுப்பும். நாட்டின் ஒரு கோடியில் இருந்த ஒருவருடைய இரண்டு பெயர்களும் ஒருசேரத் தெரிந்த ஒரே மனிதர் அநேகமாக அந்த ஆசிரியராகத்தான் இருந்திருப்பார்.

குமாஸ்தாவாக இதை என்னால் நன்றாகவே புரிந்துகொள்ள முடிகிறது. பெயர் என்பது ஏதாவது ஒரு பேரேட்டில் ஏறும்வரை பெயரே இல்லை. தனிமையில் கண்ணாடி முன்னால் நின்று ஒருவர் தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், அது ஆசை. அந்தப் பெயர் அச்சில் வந்து, முன்பின் தெரியாத ஒருவர் அதே பெயரை விளித்துக் கடிதம் எழுதும்போது அது பெயராகிறது. 'டிரான்ஸ்வெஸ்டியா' தன் சந்தாதாரர்களுக்குச் செய்த ஸ்தூலமான காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தகவலும் கல்வியும் அதற்கு அப்புறம்.

அச்சிலிருந்து நேர் சந்திப்புக்கு வந்த கதையும் சுவாரஸ்யமானது. 1960-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரச் சந்தாதாரர்கள் சிலரைப் பிரின்ஸ் ஓர் இடத்துக்குக் கூப்பிட்டார். எல்லோரும் ஆண் உடையில் வர வேண்டும். ஆளுக்கொரு ஜோடி நீண்ட காலுறையும் குதி உயர்ந்த செருப்பும் மறைத்து எடுத்துவர வேண்டும். வந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இதில் எவர் போலீஸ்காரர் என்று யாருக்குத் தெரியும்? ஆசிரியர் சொன்னதும் எல்லோரும் ஒரே சமயத்தில் காலுறையையும் செருப்பையும் எடுத்து அணிந்தார்கள். இனி எவரும் எவரையும் காட்டிக்கொடுக்க முடியாது. அந்தக் கூட்டம் காலுறை–குதிச்செருப்புக் கழகம் என்று பெயர் பெற்று, சீக்கிரமே கிளைகளோடு கூடிய ஒரு சங்கமாக வளர்ந்தது. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் ஒரு சிறு வட்டம் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சித்திரம் எனக்குக் கிடைத்ததில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஆபத்தில் கால் வைத்தார்கள்.

ஆபத்து கற்பனையல்ல. பிரின்ஸ் தனிப்பட்ட முறையில் ஒருவருக்கு எழுதிய கடிதம் ஒன்றைத் தபால் இலாகா பிடித்து வழக்குப் போட்டது. 1961-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜெயிலுக்குப் போகவில்லை, நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். அந்தக் காலத்தில் பெண் உடை அணியக்கூடாது என்பது நிபந்தனை. பத்திரிகை ஆபாசம் என்று தீர்மானமாகவில்லை. அது தொடர்ந்து வந்தது.

இனி இலக்கிய மதிப்பு. கதைகளைப் பற்றிச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. பெரும்பாலும் ஒரே கதைதான். ஏதோ பந்தயத்திலோ, நாடகத்திலோ, வேறு உடை கிடைக்காத விபத்திலோ ஒருவன் பெண் உடை அணிய நேர்கிறது, எதிர்பாராமல் அழகாக இருக்கிறான், மனைவியோ காதலியோ திகைத்து, பிறகு ஏற்றுக்கொள்கிறாள், சுபம். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை எந்தக் காரணத்துக்காக நாம் நிராகரித்தோமோ அதே காரணங்கள் இங்கேயும் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. வாரப் பத்திரிகைக் கதை வாசகனுக்கு ஏற்கெனவே இருக்கிற உலகத்தை இன்னும் இனிப்பாக்கித் தருகிறது. இந்தக் கதைகளில் 'விபத்து' என்பது அனுமதி. தான் விரும்பினேன் என்று சொல்லத் துணியாதவர் விபத்தைப் படைக்கிறார். அப்படிப் படிக்கும்போது அந்தப் பொய்யின் அடியில் இருக்கிற நிர்ப்பந்தம் தெரிகிறது. அதனால் கதை நல்ல கதை ஆகிவிடாது. மோசமான கதை எதனால் மோசமாயிற்று என்பது தெரிகிறது.

கடிதங்களும் சுயசரிதைகளும் வேறு ரகம். வீட்டில் எல்லோரும் வெளியூர் போன இரவில் முதன்முதலாக வாசலைத் தாண்டித் தெருவில் நடந்ததைச் சொல்லும்போது அவர்களுக்கு உவமை தேவைப்படுவதில்லை. எந்த விளக்கு எரிந்தது, எதிரே வந்த கார் நின்றதா போயிற்றா, திரும்பி வந்து சாவியைத் துவாரத்தில் நுழைக்க எத்தனை நேரம் ஆயிற்று என்பவைதான் முக்கியம். அனுபவ உண்மை, அனுபவ உண்மை என்று விமர்சனத்தில் நாம் ஓயாமல் சொல்லி வந்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு நான் எதிர்பாராத இடத்தில் அர்த்தம் கிடைத்தது.

இதுவரை சொன்னதை வைத்துப் பிரின்ஸை ஒரு தியாகி ஆக்கி முடித்துவிடுவது சுலபம். சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை. அவர் ஏற்படுத்திய சங்கத்தில் சேர விண்ணப்பித்துப் பரிசீலனையில் தேற வேண்டும். தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கும், அறுவை சிகிச்சை மூலம் பெண்ணாக விரும்பியவர்களுக்கும் அங்கே இடமில்லை. 'நாம்' என்றால் பெண்களை விரும்புகிற, பெரும்பாலும் மணமான, கௌரவமான ஆண்கள்; உள்ளே இருக்கும் பெண்ணுக்கு உடை மூலம் வெளிப்பாடு தருகிறவர்கள்; அவ்வளவுதான். இந்த மதில் 1976-ல் அச்சங்கம் இன்னொன்றோடு இணைந்து புதுப்பெயர் பெற்ற பிறகும் நீடித்தது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1961-ல் இல்லினாய் மாநிலம் சட்டத்தை மாற்றும்வரை தன்பாலுறவு அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் குற்றம். எங்கள் கூட்டம் அது அல்ல என்று சொன்னால் போலீஸுக்கும் மனைவிமாருக்கும் பதில் சொன்னதாக ஆகும். ஆனால் முதலில் தந்திரமாக இருந்தது நாளடைவில் கொள்கையாயிற்று. பிறகு விஞ்ஞானமாகவும் ஆயிற்று. 1972-ல் பிரின்ஸும் உளவியலாளர் பெண்ட்லரும் 504 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த கணக்கு ஆராய்ச்சி இதழொன்றில் வெளிவந்தது. மாற்றுடை அணிபவர்களில் பெரும்பாலோர் பெண்களையே விரும்புகிறவர்கள் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. கேள்வித்தாள் போனது அந்தப் பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கு. வாசலில் ஆள் நிறுத்தி வடிகட்டி உள்ளே விட்டவர்களை எண்ணிப் பார்த்து, உலகமே இப்படித்தான் என்று சொல்வது போலத்தான் இது.

மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1963-ல் நியூயார்க்கிலிருந்து 'டர்னபவுட்' வந்தது. பிரின்ஸின் கோட்பாடுகளோடு அது ஒத்துப்போகவில்லை. ரீட் எரிக்ஸன் என்ற செல்வந்தர், தாமே பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்தவர், 1964-ல் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார். பால் மாற விரும்பியவர்களுக்கு எந்த மருத்துவர், என்ன சட்டம், எந்தக் காகிதம் என்று சொல்லும் செய்தி மடலை அது வெளியிட்டது. இங்கிலாந்தில் 1966-ல் தொடங்கிய போமாண்ட் சங்கம், பிரின்ஸின் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, அதே மதிலோடு தன் மடலை நடத்தியது. 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் லீ புரூஸ்டர் கொண்டுவந்த 'டிராக்' எந்தக் கௌரவத்தையும் பாவனை செய்யவில்லை. அரசியல் செய்தியும் நடனக் கூடச் செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. பிரின்ஸின் சந்தாதாரர் இதை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்க மாட்டார். இங்கே கைதாவதற்குப் பயந்தவர்கள் குறைவு. அநேகமாக ஏற்கெனவே கைதானவர்கள்.

மதிலுக்கு வெளியேயும் வெளியே இருந்தவர்கள், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ விரும்பியவர்கள். முதல் இருபது வருஷத்துப் பத்திரிகைகளில் அவர்கள் அநேகமாக இல்லை. கனடாவில் ரூபர்ட் ராஜ் என்பவர், ஓர் இந்தியத் தகப்பனாருக்கு ஒட்டாவாவில் பிறந்தவர், 1978-ல் 'ஜெண்டர் ரெவ்யூ'வையும் 1982-ல் இவர்களுக்கென்றே 'மெட்டமார்ஃபஸிஸ்' என்ற மடலையும் தொடங்கினார். சான் பிரான்சிஸ்கோவில் லூ ஸல்லிவன். இந்தச் சரித்திரத்தில் என் மனதுக்கு மிக நெருங்கியவர் இவர்தான். 1951-ல் மில்வாக்கியில் பிறந்தவர். ஆணாக வாழ விரும்பினார், ஆண்களையே விரும்பினார். ஆண்களை விரும்புவதற்குப் பெண்ணாகவே இருந்துவிடலாமே என்பது மருத்துவர்களின் தர்க்கம். 1980-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சிகிச்சைத் திட்டம் அவரை ஏற்க மறுத்தது. அதே வருஷம், தன்னைப் போன்றவர்களுக்கு வழிகாட்டியாக அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1986-ல் வேறு மருத்துவர்களிடம் சிகிச்சை முடிந்த சில மாதங்களுக்குள் எய்ட்ஸ் என்று தெரிந்தது. அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை. அந்த வருஷக் கடைசியில் சிலரைக் கூட்டினார். 1987 செப்டம்பரில் 'எஃப்டிஎம்' என்ற காலாண்டு மடலைத் தொடங்கினார். கூட்டத்தில் பேசியது என்ன, எந்த அறுவை சிகிச்சையில் என்ன சிக்கல், முற்காலத்தில் இப்படி வாழ்ந்தவர்கள் யார், தொலைவிலிருந்து எழுதுகிறவர்களின் கடிதங்கள். யாரை விரும்புகிறாய் என்று வாசலில் கேட்பவர் இல்லை. ஜாக் கார்லண்ட் என்ற பெயரில் ஆணாக வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி 1990-ல் வெளியிட்டார். 1991 மார்ச் 2-ந் தேதி ஸல்லிவன் இறந்தபோது வயது 39. மடல் நிற்கவில்லை, ஜேமிசன் கிரீன் தொடர்ந்து நடத்தினார்.

தனக்கு எவ்வளவு நாள் பாக்கி என்று ஓரளவு தெரிந்த ஒருவர் அந்த நாட்களை ஒரு செய்தி மடலுக்கு விலாசம் எழுதுவதில் செலவிட்டார் என்பதை வைத்து எனக்கு உருகத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். பிரின்ஸ், ஸல்லிவன் இருவருக்கும் வாசகர்கள் குறைவுதான். இருவரும் ஒரே தபால் பெட்டி முறையில்தான் இயங்கினார்கள். ஒருவர் தன்னைப் போன்றவர்கள் மட்டும் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காகச் சிறிய வட்டத்தை வைத்துக்கொண்டார். மற்றவர் தன்னைப் போன்றவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தெரியாததால் சிறிய வட்டத்திலிருந்து தொடங்கினார். சிறுபத்திரிகை என்ற சொல்லில் 'சிறு' என்பதற்கு இந்த இரண்டு அர்த்தங்களும் உண்டு. நாம் எந்த அர்த்தத்தில் சிறிய பத்திரிகை? தரம் என்று சொல்லி நாம் திருப்பி அனுப்பியவற்றில் எத்தனை தரம் குறைந்தவை, எத்தனை நமக்குப் பரிச்சயமில்லாதவை? கேள்வி என்னையும் சேர்த்துத்தான். இரண்டு வருஷம் ஒரு பத்திரிகைக்குக் கவிதைகளைத் தேர்ந்து கொடுக்கிற வேலையை நான் செய்திருக்கிறேன். திருப்பி அனுப்பியவற்றின் பெயர்கள் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

மதில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் சுலபமான பதில். 1961-ல் எல்லோருக்கும் திறந்த கதவு போலீஸுக்கும் திறந்த கதவு. ஒரு ஜோடிக் காலுறையை மறைத்து எடுத்து வந்தவர்களுக்கு வாசலில் காவல் வேண்டித்தான் இருந்தது. காவலுக்காக எழுப்பிய மதிலை ஆபத்து தணிந்த பிறகும் இடிக்காமல், அதற்குக் கோட்பாடு எழுதியதுதான் பிரின்ஸின் தவறு. அவருக்கே அதனால் நஷ்டம். 1968-க்குப் பிறகு அவர் வாழ்ந்த முழுநேரப் பெண் வாழ்க்கை, கிடைத்த மணி நேரங்களில் உடை மாற்றிய அவருடைய சந்தாதாரர்களின் வாழ்க்கை அல்ல. அவர் விலக்கி வைத்தவர்களின் வாழ்க்கைக்கே அது பக்கத்தில் இருந்தது.

இந்தப் பிரதிகள் நமக்குக் கிடைப்பதே அதிசயம். குற்ற உணர்வு மேலிட்டுத் துணி, பொய்முடி, புத்தகம் எல்லாவற்றையும் ஒருநாள் அழித்துவிட்டு, சில மாதங்களில் மறுபடி சேர்க்கத் தொடங்குவது இவர்களிடையே அடிக்கடி நடந்தது. இறந்தவரின் அலமாரியைத் திறந்த குடும்பத்தினர் மிச்சத்தை அழித்தார்கள். ஸுஸானாவின் மலை வீட்டில் எடுத்த புகைப்படங்கள் நியூயார்க்கில் பழைய சாமான் சந்தையில் யாரோ வாங்கிப் பார்த்து, 2005-ல் புத்தகமாக வந்த பிறகுதான் வெளி உலகத்துக்கு அந்த வீடு தெரிந்தது. ரூபர்ட் ராஜ் தன் கைவசம் இருந்தவற்றை விக்டோரியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 2016-ல் தொடங்கிய ஒரு மின் ஆவணக் காப்பகம் பல ஊர்ச் சேகரங்களை ஓரிடத்தில் தேட வழி செய்திருக்கிறது. நம் சிறுபத்திரிகைகள் பழைய பேப்பர் கடைக்குப் போன கதை நமக்குத் தெரியும். நாம் அசிரத்தையால் இழந்தோம். அவர்கள் பயத்தால் இழந்தார்கள்.

2015-ல் ரிசர்வ் வங்கி, படிவங்களில் ஆண், பெண் என்பதோடு மூன்றாவது கட்டமும் இருக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அந்தக் கட்டம் எங்கள் படிவங்களிலும் இருக்கிறது. இப்போது கவுண்டரில் யார் பெயரையும் நாங்கள் கூப்பிடுவதில்லை. டோக்கன் எண் பலகையில் விழுகிறது, அவரவர் எழுந்து வருகிறார்கள். சௌகரியம்தான். ஆனால் 'டிரான்ஸ்வெஸ்டியா'வின் சந்தாதாரருக்கு எண்ணின் பக்கத்தில் ஒரு பெயரும் இருந்தது, அவரே வைத்துக்கொண்ட பெயர். அன்று புடவையில் வந்தவருக்கு அப்படி ஒரு பெயர் நிச்சயம் இருந்திருக்கும். நான் அதைக் கேட்கவில்லை.